செவிலியருக்கும் மருத்துவருக்கும் மனம்–உடல் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழி 1948-ல் எழுதப்பட்டது. மருத்துவர் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணிக்கொள்ள வேண்டும் என்ற வரி அதில் இடம்பெற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம்மைக் கவனித்துக்கொள்வதைத் தன்னலமாகப் பார்த்துப் பழகிய துறையில் இந்தத் தாமதம் எனக்கு வியப்பளிக்கவில்லை. இப்போது மருத்துவமனைகள் பலவும் மனம்–உடல் மருத்துவம், சுய பராமரிப்பு என்ற பெயர்களில் தம் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வருகின்றன. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்வு, வரைதல், எழுதுதல், உடலசைவு போன்ற எளிய முறைகளால், பதற்றத்தில் சிக்கிய நரம்பு மண்டலத்தை நிதானத்துக்குக் கொண்டுவருவதே இவற்றின் சாரம். செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இப்பயிற்சிகளை நடத்திவருபவள் என்ற முறையில், நல்ல நோக்கத்தோடு தொடங்கியவை வீணாகிப்போகக் காரணமான சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றில் சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, செய்து அறிய வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவது. அரங்கத்தில் 200 பேரை உட்காரவைத்து, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு எங்கே தொடங்குகிறது, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் எப்போது கூடுகிறது என்று திரையில் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்கிறோம். நரம்பின் பாதை மருத்துவருக்கு முன்பே தெரியும். தம் தோள்கள் காதை நோக்கி ஏறியிருப்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பயிற்சியில் 10 மாணவர்கள் அளவிலான சிறு குழு, இரண்டு ஆசிரியர்களுடன், வாரம் 2 மணி நேரம் வீதம் 11 வாரங்கள் கூடுகிறது. ஆசிரியரும் அந்த வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து, தாமும் மூச்சுப் பயிற்சி செய்து, தாமும் பேசுகிறார். மனநல மருத்துவர் ஜேம்ஸ் கார்டன் 1991-ல் வாஷிங்டனில் தொடங்கிய மனம்–உடல் மருத்துவ மையமும் இதே வழியில், பயிற்சி பெற வரும் வல்லுநரை முதலில் குழுவின் உறுப்பினராக உட்காரவைக்கிறது.

அந்த மையத்தினர் போருக்குப் பிந்தைய கொசோவோவில் 82 வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. 12 அமர்வுகளில் பங்கேற்றவர்களுக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள், தம் முறைக்காகக் காத்திருந்தவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. குழுக்களை நடத்தியவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். ஆகவே யார் வேண்டுமானாலும் நடத்திவிடலாம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. அந்த ஆசிரியர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். கலந்து ஆலோசிக்க மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் அவர்களுக்கு இருந்தார்கள். இரண்டு நாள் பட்டறை முடிந்த மறுவாரமே ஒரு செவிலியரை வார்டில் தனியாக வகுப்பெடுக்க அனுப்பிவிட்டு, பிறகு ஒருமுறைகூட அவரிடம் விசாரிக்காமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவருக்கும் நல்லதில்லை, அவரிடம் வரும் நோயாளிக்கும் நல்லதில்லை.

செய்து பார்க்கும்போதுதான் சின்னச் சின்னத் தடைகள் கண்ணில் படும். வயிற்றை இளக விட்டு மூச்சு விடும் பயிற்சியில் ஒரு மூத்த செவிலியருக்கு மட்டும் நெஞ்சுதான் ஏறி இறங்கியதே தவிர, வயிறு அசையவே இல்லை. மீண்டும் மீண்டும் விளக்கினேன். கடைசியில் பக்கத்தில் இருந்தவர்தான், "அக்கா, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க" என்று காதோடு சொன்னார். காலை ஐந்து மணிக்கு இறுக்கிக் கட்டிய நாடா, இடுப்பில் தடம் பதிந்திருந்தது. பயிற்சிக்குத் தளர்வான உடையில் வரலாம் என்று முன்கூட்டியே தெரிவிப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்தது பாதுகாப்பைப் பற்றியது. இதில் அலட்சியம் கூடவே கூடாது. மூச்சும் தியானமும் யாருக்கும் தீங்கு செய்யாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆனால் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனிகள் மரத்துப்போகும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைக் கர்ப்பிணிகளும், வலிப்பு நோயோ கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் மருத்துவத் துறையினர்தானே என்று நினைத்து இதைக் கேட்காமல் விடுகிறோம். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு, மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு.

மனத்தின் பக்கம் உள்ள ஆபத்து இன்னும் நுட்பமானது. விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், கண்ணை மூடிய இரண்டாம் நிமிடத்தில் கண்ணைத் திறந்து நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். "திறக்காதீங்க தம்பி, அப்படியே மூச்சைக் கவனியுங்க" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். முந்தைய வாரம் அவர் கையில் இறந்த ஒரு குழந்தையின் முகம் கண்ணை மூடியதும் வந்து நின்றதாகப் பிறகு சொன்னார். தவறு என்னுடையது. அமைதியாக உட்கார்வதே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும் என்பது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. கண்ணைப் பாதி திறந்து தரையைப் பார்க்கலாம், பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரலாம், வேண்டாமென்றால் எழுந்து நடக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது நான் கண்ணை மூடுங்கள் என்று சொல்வதில்லை. விருப்பமிருந்தால் மூடிக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

நம் மருத்துவமனைகளில் அதிகம் நடப்பதும், யாரும் வாய்விட்டுச் சொல்லாததுமான தவறு ஒன்று உண்டு: மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களையும் ஒரே வட்டத்தில் உட்காரவைப்பது. ஒரு முறை வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் அவருடைய செவிலியர் எட்டுப் பேரும் ஒரே குழுவில் இருந்தார்கள். இந்த வாரம் எது கடினமாக இருந்தது என்று கேட்டேன். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, "ஒன்றும் இல்லை மேடம், நன்றாகத்தான் போகிறது" என்றார்கள். மறுவாரம் இன்சார்ஜ் விடுப்பில் இருந்தார். முதலில் பேசியவர், கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்பதால் ஷிஃப்ட் முழுதும் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒருவருக்கு அந்த ஆண்டிலேயே இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. பதவி வாரியாகக் குழு பிரிப்பதும், உள்ளே பேசியது வெளியே போகாது என்ற உறுதியும், பேச விரும்பாதவர் தம் முறையை விட்டுவிடலாம் என்ற உரிமையும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அந்தத் தண்ணீர் விஷயம் என்னை வேறொரு தவறின் முன் நிறுத்தியது. எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காதவருக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு வருவது நியாயமா? உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்கப்பட்ட தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்திருக்கிறது. ஆகவே அதன் வேரைப் பணியாளரின் மன உறுதியில் மட்டும் தேடுவது அநீதி. ஆள் பற்றாக்குறையையும் தொடர் இரவுப் பணியையும் அப்படியே வைத்துக்கொண்டு தியானம் சொல்லித்தருவது, உன் சோர்வுக்கு நீயே பொறுப்பு என்று சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழும். பெயர்களைச் சொல்லாமல், மாற்று ஆள், ஓய்வறை, கழிப்பறை இடைவேளை ஆகிய மூன்றை மட்டும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மாற்று ஆள் மட்டும் கிடைத்தார், அதுவும் பகல் ஷிஃப்டுக்கு. பயிற்சியையும் விடுமுறை நாளில் வைக்காமல் பணி நேரத்திலேயே வைக்க வேண்டும்.

பலனை மிகைப்படுத்துவதும் கெடுதலே. இவை மருந்துக்குத் துணை நிற்பவை. இரத்த அழுத்த மாத்திரையையோ மனச்சோர்வுக்கான சிகிச்சையையோ நிறுத்தச் சொல்லும் உரிமை பயிற்றுநருக்கு இல்லை.

வீட்டில் தினமும் 40 நிமிடம் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினால், குழந்தைக்கும் மாமியாருக்கும் சமைத்துவிட்டு வேலைக்கு வருபவர் இரண்டாம் நாளே விட்டுவிட்டு, அதையும் தம் தோல்விகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார். ஏற்கெனவே செய்யும் ஒரு செயலோடு பயிற்சியை முடிந்துவைப்பதே நிலைக்கிறது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகுமுன் கைகளைக் கிருமிநாசினியால் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். நிதானமாக விட்டால் அது இரண்டு மூன்று மூச்சுக்குச் சரியாக இருக்கும். இதை எனக்குச் சொன்னவர், நாடாவைத் தளர்த்திக்கொண்ட அதே மூத்த செவிலியர். பயிற்சி முடிந்து இரண்டு மாதம் கழித்து விசாரிக்கப் போனபோது, பேசிக்கொண்டே மருந்து வண்டி மேலிருந்த கிருமிநாசினியை உள்ளங்கையில் ஊற்றி, தோள்களை இறக்கி, செய்தும் காட்டினார்.