தாத்தாவின் பிரசங்க கேசட் அலமாரியில் கிடக்கிறதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டில் தேடினால் நாலைந்து கேசட்டாவது கிடைக்கும்: தாத்தாவின் பிரசங்கம், கேரல் ரவுண்ட்ஸ், அத்தையின் கல்யாண ஆராதனை. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய நல்ல தொழில், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் மலையில் முதல் எதிரி ஈரம்தான். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், அது பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். தனியாக எடுத்து வையுங்கள். வெறும் ஈரம் என்றால் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு ஒரு வாரம் டப்பாவில் மூடி வைத்தால் போதும்.

அப்புறம், கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் தாத்தாவின் குரல் அழியாது. இதை மறக்கவே கூடாது, போனால் திரும்பக் கிடைக்காத குரல் அது.

ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டு, லைன்-இன் (வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி கருவி வழியாகப் பிளேயரை லேப்டாப்பில் இணையுங்கள். ஒலியைப் பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். ஒலி அளவு உச்சத்தில் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 தனியாகக் கொடுங்கள்.

60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஓடியே ஆக வேண்டும், கட்டணம் சொல்லும்போது இதைக் கணக்கில் வையுங்கள். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டை மட்டும் பிரதி எடுத்து விற்காதீர்கள், அதற்குக் காப்புரிமை உண்டு.