விண்டோஸ் புதிதாக நிறுவியபின் வைஃபை காணவில்லையா?

கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளே டிரைவர். வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆண்ட்ராய்டு போனே போதும். யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' (போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தருவது) வசதியை இயக்குங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பெரும்பாலும் வேறெதுவும் நிறுவாமலே இணையம் வந்துவிடும். உடனே விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். விடுபட்டவற்றில் பல தாமாகவே வந்து சேரும். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியையும் பாருங்கள், பலர் அதைத் திறப்பதே இல்லை.

அதன்பிறகும் டிவைஸ் மேனேஜரில் (கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) 'அன்நோன் டிவைஸ்' என்று மஞ்சள் குறியோடு ஏதாவது நின்றால், அதன் பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போய் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தெரியும் நீளமான குறியீடுதான் அந்தக் கருவியின் அடையாளம். 'வென்' (VEN) என்ற எழுத்துகளை அடுத்து 8086 இருந்தால் தயாரிப்பாளர் இன்டெல். குறியீட்டை அப்படியே நகலெடுத்துத் தேடினால் கருவியின் பெயர் தெரிந்துவிடும். டிரைவரை மட்டும் கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். முதலில் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லுகள்) டிரைவர். அதை நிறுவியதுமே சில மஞ்சள் குறிகள் மறைந்துவிடுவதுண்டு.

'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்' என்று அழைக்கும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். பல நேரம் டிரைவரோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.