பழைய திருமண டிவிடியை எடிட்டிங்குக்குத் தயார் செய்வது எப்படி?

2000களில் எடுக்கப்பட்ட திருமண வீடியோக்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் டிவிடிகளாகவே இருக்கின்றன. அவற்றைச் சுருக்கி, தேவையற்ற பகுதிகளை நீக்கிப் புதிதாகத் தொகுக்க விரும்பிக் கோப்புகளை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் இட்டால், படம் திக்கித் திணறும். சில மென்பொருள்களில் ஒலியே வராது. வேறு சிலவற்றில் கோப்பே திறக்காது. கணினி பழையது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை கணினியில் இல்லை. பார்ப்பதற்காக உருவாக்கப்பட்ட கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையை, வெட்டி ஒட்டும் வேலைக்குப் பயன்படுத்துவதே காரணம்.

டிவிடியில் உள்ள கோடெக் எம்பெக்-2. இது ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. வழக்கமாக 12 முதல் 15 ஃப்ரேம்கள் கொண்ட ஒரு தொகுதியில் முதல் ஃப்ரேம் மட்டுமே முழுமையாக இருக்கும். மற்றவற்றில் அண்டை ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற விவரம் மட்டுமே இருக்கும். தாலி கட்டும் நொடியில் நீங்கள் ஒரு வெட்டு வைத்தால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்கே மென்பொருள் முந்தைய பல ஃப்ரேம்களைக் கணக்கிட்டாக வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் கோடெக்குக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை மாற்றிவிட்டால் இந்தச் சுமை நீங்கிவிடும்.

முதல் படி: மூலத்தை அப்படியே நகலெடுத்தல்

வட்டில் உள்ள கோப்புகளை எந்த மாற்றமும் செய்யாமல் வன்தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பதிவு செய்யத்தக்க டிவிடிகளின் சாய அடுக்கு காலப்போக்கில் சிதைவதால், எடிட்டிங் எப்போது தொடங்கினாலும் நகலெடுக்கும் வேலையை மட்டும் இன்றே செய்துவிடுவது நல்லது. வட்டைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறையும், அதனுள் அதிகபட்சம் 1 ஜிபி அளவுள்ள விஓபி துண்டுகளும் தெரியும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் இந்தத் துண்டுகளை, படத்தின் தரத்தைத் தொடாமல், ஒரே எம்கேவி கோப்பாக இணைத்துத் தரும். டிவிடிகளுக்கு அது இலவசம். விஓபி கோப்பின் பின்னொட்டை எம்பி4 என்று மாற்றி எழுதினால் பெயர்தான் மாறுமே தவிர, உள்ளே இருப்பது எம்பெக்-2ஆகவே இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் திருமணம் மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கேசட்டில் எடுக்கப்பட்டு, பிறகு டிவிடியாக மாற்றப்பட்டிருந்தால், கேசட் இன்னும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கேசட்டில் உள்ள டிவி (DV) கோடெக் வினாடிக்கு 25 மெகாபிட் அளவில் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியே சேமிக்கிறது. டிவிடியில் படத்துக்குக் கிடைக்கும் உச்ச அளவே 9.8 மெகாபிட்தான், மூன்று மணி நேர நிகழ்ச்சியை ஒரே வட்டில் அடக்கியிருந்தால் அதிலும் மிகக் குறைவு. கேமராவை ஃபயர்வயர் கம்பி வழியாக இணைத்தால், கேசட்டில் உள்ள தரவு அப்படியே கணினிக்கு இறங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் தேவைப்படும். கிடைக்கும் கோப்பை மறுபடி மாற்றாமலேயே எடிட் செய்யலாம்.

இரண்டாம் படி: கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தல்

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து பாருங்கள். இந்தியாவில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை வழங்கியதால், 720க்கு 576 என்ற அளவும், வினாடிக்கு 25 ஃப்ரேம் வேகமும், இன்டர்லேஸ் (விளக்கம் அடுத்த படியில்) என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். 352க்கு 288 என்று காட்டினால் அது விசிடி. அதில் இன்டர்லேஸ் இல்லாததால் அடுத்த படியைத் தாண்டிச் செல்லலாம்.

மூன்றாம் படி: டிஇன்டர்லேஸ் (இன்டர்லேஸை நீக்குதல்)

அதிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். இன்டர்லேஸ் முறையில் ஒரு ஃப்ரேமுக்குள் இரண்டு ஃபீல்டுகள் இருக்கின்றன: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டுகின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. இன்றைய திரைகளில் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்போது, அட்சதை தூவும் கையின் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தோன்றுகின்றன.

உண்மையில் அந்த வீடியோவில் வினாடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் பதிவாகியுள்ளன. பல மென்பொருள்கள் கோடுகளை நீக்குவதாகச் சொல்லி ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு 25 ஃப்ரேம் வீடியோவைத் தருகின்றன; அசைவின் பாதி அத்துடன் போய்விடுகிறது. ஆகவே ஃப்ரேம் வேகத்தை இரட்டிப்பாக்கி 50 ஆகத் தரும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள். பிடபிள்யூடிஃப் என்ற வடிகட்டி இந்த வேலையை நன்றாகச் செய்கிறது. ஃபீல்டு வரிசையையும் சரிபார்க்க வேண்டும்: டிவிடிகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில் வரும், பால் மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். வரிசை தவறினால் நடப்பவர்கள் முன்னும் பின்னும் துடிப்பதுபோல் தெரிவார்கள்.

நான்காம் படி: கோடெக்கைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும்: ஆப்பிளின் புரோரெஸ் 422, ஆவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர். உங்கள் எடிட்டிங் மென்பொருள் எதைத் திறக்கிறதோ அது போதும். இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை இந்த வகைப் படத்தில் காண முடியாது. டிஎன்எக்ஸ்ஹெச்டி என்ற பழைய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது ஹெச்டி அளவுகளுக்கு மட்டுமே உரியது, 576 வரிகளை ஏற்காது. புரோரெஸ் 422இல் 25 ஃப்ரேம் வீடியோவுக்கு மணிக்குச் சுமார் 18 ஜிபி ஆகும்; நாம் 50 ஃப்ரேமாக மாற்றுவதால் ஏறக்குறைய இரு மடங்கு இடத்தை ஒதுக்குங்கள். இதைவிட உயர்ந்த ஹெச்க்யூ வகையை எடுப்பதால் வன்தட்டுதான் நிரம்பும். டிவிடியில் இல்லாத நுணுக்கத்தை எந்தக் கோடெக்கும் உண்டாக்கித் தராது.

விஹெச்எஸ் கேசட்டை நீங்களே கணினியில் பதிவு செய்வதாக இருந்தால் மட்டும், இழப்பில்லாத எஃப்எஃப்வி1 கோடெக்கில் மூலப்பிரதியை வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

ஐந்தாம் படி: மாற்றுதல்

ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக்கின் திறனை, பொத்தான்கள் வழியாகத் தருவதால் புதியவர்களுக்கு ஏற்றது. எம்கேவி கோப்பை அதில் இட்டு, புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆரைத் தேர்ந்து, டிஇன்டர்லேஸ் அமைப்பை இயக்கி, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முழு நிகழ்ச்சியையும் உடனே ஓட விடாமல், ஆட்கள் வேகமாக அசையும் ஒரு நிமிடப் பகுதியை முதலில் மாற்றிப் பாருங்கள். முகங்கள் ஒல்லியாகவோ பருமனாகவோ தெரிந்தால் பிக்சல் விகிதம் தவறியிருக்கிறது: 4:3 படத்தில் 720க்கு 576 என்பது திரையில் 768க்கு 576 ஆக விரிய வேண்டும். முழுக் கோப்பும் தயாரானதும் கடைசி ஐந்து நிமிடங்களில் நாதஸ்வரமும் வாசிப்பவரின் விரல்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்; ஒலி விலகியிருந்தால் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

ஆறாம் படி: எடிட் முடிந்த பிறகு

டைம்லைனை வினாடிக்கு 50 ஃப்ரேமாக அமைத்து வேலையை முடித்தபின், உறவினர்களுக்கு அனுப்பும் பிரதியை ஹெச்.264இல் எடுங்கள், இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும், அதில் தர அளவு (RF) 18க்கு அருகில் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றுவதானால் 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்குங்கள், ஏனெனில் யூடியூப் 720 வரிகளுக்குக் கீழே 50 ஃப்ரேம் வேகத்தைக் காட்டுவதில்லை. அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்க வேண்டாம். இருபுறமும் கறுப்புப் பட்டைகள் இருக்கட்டும்.

இடம் பற்றாக்குறையானால் புரோரெஸ் கோப்பை அழித்துவிடலாம், அதை மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். முதல் படியில் எடுத்த எம்கேவி கோப்பை மட்டும் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைத்திருங்கள்.