மீட்டர் ஊசிக்கு அப்பத்தாவைத் தெரியாது

நான் முதன்முதலில் கழுவக் கொடுத்த ரோலிலேயே மோசமான படம், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவை வீட்டுக்குள் நின்று எடுத்ததுதான். பின்னால் தெரு பளிச்சென்று இருக்கிறது; எதிர்வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிகிறது. அப்பத்தா மட்டும் கரிக்கட்டை. "ஏன்டா, என்னைய அடுப்புக்குள்ள வச்சா எடுத்த?" என்று கேட்டாள்.

தப்பு கேமரா மேல் இல்லை. அது அப்பாவின் பென்டாக்ஸ் கே1000. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் என்பது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் வலது ஓரம் ஆடும் ஓர் ஊசி, அவ்வளவே. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டே அது கணக்குச் சொல்லும். அன்றைக்கு 400 ஐஎஸ்ஓ வேக ஃபிலிமுக்கு லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் 1/500 விநாடி என்றது. அது தெருவுக்கான கணக்கு. நான் அப்பத்தாவுக்கு என்று நினைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எழுந்து பக்கத்தில் போய்விடுவேன். முகம் மட்டும் வியூஃபைண்டரை நிறைக்க வேண்டும், என் நிழல் அதில் விழக்கூடாது. ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம், வெளிச்சம் பார்க்கத்தானே போகிறோம். ஊசி நடுவுக்கு வரும்வரை திருகினால் எஃப் 5.6, 1/125 என்று வந்து நிற்கும். முன்னதைவிட நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு வெளிச்சம்) அதிகம்! அதை மாற்றாமல் பழைய இடத்துக்கு வந்து பார்த்தால் ஊசி மேலே எகிறி நிற்கும். நிற்கட்டும். இந்த இடத்தில் பயந்துபோய் மறுபடி திருகிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் படம் போகிறது. தெரு வெளுத்துப்போகும்தான்; நாம் எடுப்பது தெருவை இல்லையே.

கிட்டே போக முடியாதவர் என்றால் உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பிப் பிடித்து அளவெடுங்கள். யாருடைய உள்ளங்கையும் அந்தச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. அதனால் வந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும், அதாவது அவ்வளவு வெளிச்சம் கூட்ட வேண்டும்.

வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் திறப்பேன். இல்லாவிட்டால் வேட்டி அழுக்காகத் தெரியும். கருங்கல் சிலைக்கு நேர்மாறாக ஒரு ஸ்டாப் குறைப்பேன், கல் கல்லாக இருக்கும். எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால், நெகட்டிவ் ஃபிலிமில் திறக்கிற பக்கமே போங்கள். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் ஓவரானாலும் பிரிண்டில் சமாளிக்கலாம். வெளிச்சம் குறைந்து அண்டரானால் நிழலுக்குள் போனது போனதுதான். புரொஜெக்டரில் நேராகப் போட்டுப் பார்க்கும் ஸ்லைடு ஃபிலிமில் இந்தப் புத்தி அப்படியே தலைகீழ்.

ஐஎஸ்ஓ வளையத்தைத் தூக்கித் திருப்பி 400-ஐ 200 ஆக்கினாலும் ஒரு ஸ்டாப் கிடைக்கும். குறுக்குவழிதான், ஆனால் திரும்ப மாற்ற மறந்துவிடுவேன் என்பதால் நான் விட்டுவிட்டேன்.

கார்த்திகை விளக்கு வேறு கதை. சுடரைக் காட்டி அளவெடுத்தால் சுடர் மட்டும்தான் வரும். அகலின் வெளிச்சம் விழும் சுவரையோ முகத்தையோ காட்டுங்கள். அப்புறம் இன்னொன்று: ஒரு விநாடியும் அதற்கு மேலும் போனால் ஃபிலிம் சோம்பலாகிவிடும். ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் மீட்டர் கணக்கு ஒரு விநாடி என்றால் இரண்டு கொடுக்க வேண்டும், பத்து என்றால் ஐம்பது. ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும்) வைத்து, பொத்தானை அழுத்தும் கேபிளைப் பூட்டிவிட்டு, ஸ்டாண்டைத் தொடாமல் தள்ளி நின்று எண்ணுங்கள். அந்த ஐம்பது விநாடிக்குள் யாராவது எண்ணெய் ஊற்ற வந்தால் தடுக்க வேண்டாம். ஓரிடத்தில் நிற்காமல் ஊற்றிவிட்டு நகர்கிறவர்கள் படத்தில் அநேகமாக விழுவதே இல்லை.