சட்டம் படிக்க கம்யூனிட்டி காலேஜ் வழியா? கிரேடைக் கவனியுங்கள்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் ‘ப்ரீ-லா’ என்று தனிப் பட்டம் கேட்பதில்லை. இளங்கலை எதுவானாலும் சரி; இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கு மாறி முடித்தாலும் சரி. சிக்கல் ஜிபிஏவில்தான், அதாவது கிரேடுகளின் சராசரியில். விண்ணப்பங்களைத் தொகுக்கும் எல்சாக் அமைப்பு, முதல் இளங்கலைப் பட்டத்துக்கு முன் வாங்கிய எல்லாக் கல்லூரி கிரேடுகளையும் சேர்த்துக் கணக்கிடும். பள்ளியில் இருக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடமும் தப்பாது. ‘எஃப்’ வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்கினால், உங்கள் கல்லூரி பழையதை விட்டுவிடலாம். டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் கிரேடு பட்டியலில்) இரண்டும் இருந்தால் எல்சாக் இரண்டையும் எண்ணும். பாடம் கைமீறுகிறதா? கெடு தேதிக்குள் விலகி ‘டபிள்யூ’ (விலகியதற்கான குறி) வாங்குங்கள், பொதுவாக அது ஜிபிஏவைத் தொடாது. (உதவித்தொகை பாதிக்குமா என்று முதலில் கேளுங்கள்.)

கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறும்போது, பாராலீகல் (வழக்கறிஞர் உதவியாளர்) பாடங்களைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. கலிபோர்னியாவில் என்றால், எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று பதிவுக்கு முன்பே ‘அசிஸ்ட்’ தளத்தில் பார்த்துவிடுங்கள்.