பிரெஞ்சு எண்கள்: தனித்தனியாகப் படித்தால் வரும் தவறுகள்

ஒன்று முதல் நூறு வரை பிரெஞ்சில் கடகடவென ஒப்பிப்பவர்கூட, கடைக்காரர் விலை சொன்னால் திணறிப்போவார். எண்ணைத் தனிச்சொல்லாகவே படித்ததுதான் கோளாறு. பிரெஞ்சில் எண்ணின் கடைசி ஒலி அடுத்த சொல்லைப் பொறுத்து மாறும்.

ஆறைப் பாருங்கள். தனியே நின்றால் 'சீஸ்'. அடுத்து மெய்யொலி வந்தால் வெறும் 'சீ'. ஆறு புத்தகங்கள் 'சீ லீவ்ர்'. உயிரொலி வந்தால் அந்த 'ஸ்' இசட் ஒலியாகி அடுத்த சொல்லோடு சேர்ந்துகொள்ளும். 'ஓர் ஆண்டு' நம் வாயில் 'ஓ-ராண்-டு' என்று பிரிவதுபோல, ஆறு யூரோ 'சீ-ஸெ-ரோ' என்று பிரியும். 'சீஸ்' என்று நிறுத்திவிட்டு 'எரோ' என்று தொடங்காதீர்கள். பத்துக்கும் இதே கதைதான்.

பணம் எண்ணும்போது இது ரொம்ப முக்கியம். 2 யூரோ 'தெ-ஸெ-ரோ', 12 யூரோ 'தூ-ஸெ-ரோ'. 3 என்றால் 'த்ருவா-ஸெ-ரோ', 13 என்றால் 'த்ரே-ஸெ-ரோ'. 6க்கு 'சீ', 16க்கு 'சே'. (இங்கெல்லாம் 'ஸெ' இசட் ஒலி.) வால் ஒன்றேதான், முதல் உயிரொலிதான் விலையைச் சொல்கிறது. 2க்கு 'ஏ' சொல்வதுபோல் நாக்கை வைத்து உதட்டை மட்டும் குவியுங்கள். 12க்கு நம் 'ஊ' போதும். இரண்டையும் 'தூ' என்றால் 2 யூரோ 12 ஆகிவிடும்.

ஒன்பது, அதாவது 'நெஃப்', அதன் கடைசி 'ஃப்' மணிக்கும் வயதுக்கும் முன்னால் 'வ்' ஆகும்: ஒன்பது மணி 'நெ-வெர்'. அதைப் பார்த்து யூரோவுக்கும் 'வ்' போடாதீர்கள், அங்கே 'ஃப்'தான். ஏழில் (sept) 'ப்' எழுத்தோடு சரி, உச்சரிப்பில் கிடையாது.

இருபதுதான் கொஞ்சம் படுத்தும். தனியே சொன்னால் 'வேன்'. அந்த 'ன்' மூக்கொலி மட்டுமே, நாக்கு பல்லைத் தொடாது. எழுத்தில் உள்ள கடைசி 'த்' ஒலிக்காது. ஆனால் 21 முதல் 29 வரை அது ஒலிக்கும், 20 யூரோவிலும் 'வேன்-தெ-ரோ' என்று வரும். எண்பதைப் பிரெஞ்சில் 'நாலு இருபது' என்றுதான் சொல்வார்கள்; அதனால் இந்த 'த்' 81 முதல் 99 வரையும் உண்டு, ஆனால் அங்கே மறுபடி ஊமை. 81, 91 இரண்டிலும் பின்னால் உயிரொலி வந்தும் 'த்' வராது. நாம் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 80 யூரோவிலோ 'த்' இல்லை, இசட்: 'கா-த்ர-வேன்-ஸெ-ரோ'.

நூறில் பிரெஞ்சுக்காரர்களே சிலர் இசட் போட்டுச் சறுக்குவார்கள். 100 யூரோ 'சான்-தெ-ரோ'. 200 யூரோவுக்குத்தான் 'தெ-சான்-ஸெ-ரோ'.