தரை ஹீட்டிங் தெர்மோஸ்டாட்டை பாய்லருக்குக் கட்டுவது எப்படி?

சேலத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மார்கழியில் ஏற்காட்டில் ஓர் இரவு தங்கிப் பார்த்தவர்கள் வீட்டுக்கு எதற்கு ஹீட்டிங் என்று கேட்க மாட்டார்கள். பாய்லர் வைத்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பலகையில் வெந்நீரைச் சுற்றவிடும் வீடு மலையில் அபூர்வம்தான், அதற்கேற்ற தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கை ஆன், ஆஃப் செய்யும் கருவி, கடையில் கிடைப்பது அதைவிட அபூர்வம். ஆன்லைனில் தொடுதிரையோடு பளபளவென்று வருவதில் பாதி, தரைக்கடியில் ஹீட்டிங் கேபிள் பதித்த வீடுகளுக்கான ரகம். தெரியாமல் அதை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு ரிலேயும் (தன் காயிலுக்குக் கரண்ட் வந்தால் தனியாக இருக்கும் இன்னொரு ஸ்விட்சை மூடும் சின்னக் கருவி) கொஞ்சம் செட்டிங் மாற்றமும் போதும்.

முதலில் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கேபிள் ரகம் 16 ஆம்பியர் வரை தாங்கும், சூடு வேண்டும்போது தன் அவுட்புட்டில் 230 வோல்ட்டை அப்படியே வெளியே அனுப்பும். பாய்லருக்கு அந்தக் கரண்ட் தேவையில்லை. பெரும்பாலான பாய்லர்களில் ரூம் தெர்மோஸ்டாட்டுக்கென்று இரண்டு டெர்மினல் இருக்கும், நடுவில் ஒரு சின்ன ஒயர் துண்டு லிங்க்காகப் போட்டிருப்பார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் பாய்லர் எரியும், பிரிந்தால் நிற்கும், அவ்வளவுதான். அங்கே போய் 230 வோல்ட்டைக் கொடுத்தால் போர்டு புகைந்துவிடும், அந்த போர்டின் விலைக்குப் பல தெர்மோஸ்டாட் வாங்கலாம். சில பாய்லர்கள் மட்டும் 230 வோல்ட் சிக்னலையே கேட்கும், அவற்றுக்கு ரிலே வேண்டாம். உங்களுடையது எந்த ரகம் என்று கையேட்டைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. சேலத்தில் நல்ல எலக்ட்ரிக்கல் கடையில் போய், "அண்ணா, 230 வோல்ட் ஏசி காயில், எட்டுப் பின் ரிலே ஒண்ணு, சாக்கெட்டோட குடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே ஆஃப் ஆகும் ஸ்விட்ச்), ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு கோர் ஒயர். மல்டிமீட்டர் வீட்டில் இல்லையென்றால் அதையும் வாங்குங்கள், இந்த வேலைக்கு டெஸ்டர் மட்டும் போதாது.

அடுத்தது ஒயர் நிறம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஊர் பழைய ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டு பாய்லரிலும் தெர்மோஸ்டாட் படத்திலும் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அதாவது சுவரிலிருந்து வரும் நீலத்தில் கரண்ட் இருக்கலாம், பாய்லரிலிருந்து வரும் நீலம் நியூட்ரலாக இருக்கும். மூன்று ஃபேஸ் வரும் எஸ்டேட் பங்களாவில் இந்த நிறங்களை நம்பி நீலத்தோடு நீலத்தை முறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒயரையும் மீட்டர் வைத்துப் பார்த்து, மாஸ்கிங் டேப்பில் பேர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது கட்டும் வேலை. மெயினை ஆஃப் செய்யுங்கள், பாய்லருக்குத் தனி எம்சிபி இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள், கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் சப்ளை டெர்மினல் இரண்டுக்கும் புது எம்சிபியிலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் வரும். கேபிளுக்கென்று இருக்கும் அவுட்புட் இரண்டும் ரிலே காயிலுக்குப் போகும், எட்டுப் பின் ரிலேயில் பொதுவாக அவை 13, 14. ரிலேயின் 9, 5 இரண்டிலிருந்தும் பாய்லருக்கு ஒயர் போகும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், ரிலேயின் பக்கத்திலேயே படம் அச்சிட்டிருப்பார்கள், அதைத்தான் நம்ப வேண்டும்.

பாய்லர் பக்கத்து ஒயரை உடனே மாட்டிவிடாதீர்கள். முதலில் அதைத் தொங்கவிட்டு மெயினைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஒரு டிக், அதை ஒட்டினாற்போல ரிலேயில் இன்னொரு டிக் கேட்கும். தொங்கும் இரண்டு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் எதுவும் காட்டக்கூடாது. அது சரி என்றால் மீட்டரைப் பீப் சத்தத்துக்கு மாற்றி இரண்டு முனைகளிலும் வையுங்கள்: 30இல் பீப் வர வேண்டும், 10 டிகிரிக்கு இறக்கினால் நிற்க வேண்டும். எல்லாம் சரியாக வந்தபிறகு மறுபடி மெயினை ஆஃப் செய்து, பாய்லரில் இருக்கும் லிங்க்கைக் கழற்றிவிட்டு இந்த இரண்டு முனையையும் அங்கே மாட்டுங்கள். லிங்க்கைக் கழற்ற மறந்தால் பாய்லர் நிற்கவே நிற்காது. கேஸ் லைன், பாய்லரின் பாதுகாப்பு ஸ்விட்சுகள் எதையும் தொட வேண்டாம். ஒயரிங் பழக்கமே இல்லையென்றால் இந்தக் கட்டும் வேலை, சோதனை முழுவதையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பிரித்து போர்டில் டிராக்கை (கரண்ட் ஓடும் செப்புக் கோட்டை) வெட்டி, ரிலே இல்லாமலே முடிக்கலாம் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். முடியும்தான். ஆனால் உள்ளே 230 வோல்ட் ஓடும் டிராக்குக்கும் நீங்கள் வெட்டிய இடத்துக்கும் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி, ஏற்காட்டு ஈரத்தில் அதை நம்பிப் படுக்க எனக்கு மனசு வராது.

அப்புறம் செட்டிங். இந்த ரகத்தோடு மூன்று மீட்டர் வாக்கில் ஒரு சென்சார் ஒயர் வரும், தரைக்குள் பதிப்பதற்கு. நமக்கு வேண்டியது அறையின் சூடு, அதனால் சென்சார் மெனுவில் உள் சென்சார் மட்டும் என்று வையுங்கள். அப்படி மாற்றியும் எரர் காட்டி அடம்பிடித்தால், அதனுடைய சென்சார் 10 கிலோ ஓம் என்டிசி (சூடு ஏற ஏற மின்தடை குறையும் ரகம்) தானா என்று பார்த்து, ஆம் என்றால் அந்த டெர்மினலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், தரை 25 டிகிரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். வித்தியாச அளவை, அதாவது அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் நடுவே உள்ள டிகிரி இடைவெளியை, 1 டிகிரியில் வையுங்கள், அதற்கும் கீழே போனால் பாய்லர் அடிக்கடி எரிந்து அணையும். முன்கூட்டியே ஆன் ஆகும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது மணிக்கணக்கில் சூடேறும் கான்கிரீட் தரைக்கானது, ரேடியேட்டர் சீக்கிரமே சூடாகிவிடும்.

தரை சென்சார் இருந்தவரை தெர்மோஸ்டாட்டை எந்த மூலையில் மாட்டினாலும் நடந்தது. இனி அது நிற்கும் இடத்தின் சூடுதான் கணக்கு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், உள்சுவர், வெயில் படாத இடம், ரேடியேட்டருக்கு மேலே வேண்டாம். அந்த அறை ரேடியேட்டரின் வால்வை முழுக்கத் திறந்தே வையுங்கள், மூடினால் அறை சூடேறாது, தெர்மோஸ்டாட் பாய்லரை விடாமல் ஓட்டும். பக்கத்தில் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் கேலிபரேஷனில் சரிசெய்யுங்கள்.

பாய்லர் அணைந்த பிறகும் வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப் சில நிமிடம் ஓடினால் பயப்பட வேண்டாம், உள்ளே மிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுகிறது. கடைசியாக மெயினை ஒரு தடவை ஆஃப் செய்து போட்டுப் பாருங்கள். மலையில் கரண்ட் போய் வருவது சகஜம், சில தெர்மோஸ்டாட்டுகள் கரண்ட் வந்தபின் ஆஃபிலேயே நிற்கும், கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பு என்ற செட்டிங் மெனுவில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.